பட்டம் விடுகிறவர்கள் முன் ரொஹானி

என் மனைவி ரொஹானி பொந்தியானாக் நகரத்து மின்வாரிய அலுவலகத்தில் மக்கள் தொடர்புப் பிரிவில் வேலை பார்க்கிறாள். பிரிவின் பெயர்தான் நீளம். அதில் இருப்பது அவள், ஒரு மேஜை, ஒரு புரொஜெக்டர். பேட்டை பேட்டையாகப் போய் மக்களுக்கு விளக்கக் கூட்டம் போடுவது அவள் வேலை. என்ன விளக்கம் என்றால், பெரும்பாலும் ஒரே விளக்கம்தான்: தயவுசெய்து பட்டத்துக்குக் கம்பி கட்டாதீர்கள்.

எங்கள் ஊரில் பட்டம் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் இல்லை. மீசை நரைத்தவர்கள், மருமகன் எடுத்தவர்கள் எல்லாம் சாயங்காலம் ஆனால் கபுவாஸ் ஆற்றங்கரையில் அண்ணாந்து நிற்பார்கள். ஒருவன் பட்டத்தை இன்னொருவன் அறுக்க வேண்டும், அதுதான் போட்டி. அறுபடாமல் இருக்கச் சிலர் நூலுக்குப் பதிலாக மெல்லிய கம்பியைக் கட்டிவிடுவார்கள். அந்தக் கம்பி மின்கம்பத்து வயரில் விழுந்தால் ஒரு பேட்டைக்கே கரண்ட் போய்விடும். சில சமயம் கம்பியைப் பிடித்திருப்பவன் உயிரும் போகும். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கட்டுவார்கள்.

ரொஹானியின் கூட்டங்கள் எப்படி இருக்கும் என்பதை அதுவரை நான் பார்த்ததில்லை. எனக்குப் படகுத்துறைப் பக்கம் காப்பிக் கடை. ஒருமுறை எங்கள் பேட்டைச் சமூகக் கூடத்திலேயே கூட்டம் போட்டார்கள், காப்பி என் கடையிலிருந்து என்றார்கள். அப்படித்தான் போனேன்.

வந்தவர்களில் பாதிப் பேர் குழந்தையை மடியில் வைத்த பெண்கள். மீதிப் பேர் மாடிப்படி ஏற முடியாத கிழவர்கள். பட்டம் விடுகிறவன் ஒருவன்கூட இல்லை. ரொஹானி சீருடைச் சட்டையும் புதுத் தலைத்துணியுமாக எழுந்தாள். "மதிப்பிற்குரிய வட்டாரத் தலைவர் அவர்களே, மதிப்பிற்குரிய மின்வாரிய மேலாளர் அவர்களே" என்று தொடங்கி, மதிப்பிற்குரியவர்கள் தீரவே வெகுநேரம் ஆயிற்று. பிறகு விளக்கை அணைத்துத் திரையைப் போட்டாள். ஒரே எழுத்துக் கூட்டம். வோல்ட் என்றாள், ஆம்பியர் என்றாள், சட்டத்தின் பிரிவு, உட்பிரிவு என்றாள். திரையில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து வாசித்தாள். முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் கேட்டாள்: "அண்ணே, பலகாரப் பெட்டி எப்ப குடுப்பாங்க?"

"முடிஞ்சதும்."

"எப்ப முடியும்?"

நல்லவேளை, அதற்குள் முடிந்துவிட்டது. விசிறி நின்றது, திரை அணைந்தது, கூடம் இருண்டது. வெளியே எவனோ "பட்டம்டா!" என்று கத்தினான். கூடம் முழுக்கச் சிரித்தது. பட்டத்தால் மின்சாரம் போகும் என்று விளக்குகிற கூட்டத்தில், பட்டத்தால் மின்சாரம் போயிற்று!

வேறு யாராவது அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு மேலே பேசியிருப்பார்கள். ரொஹானி திரையை மாற்றுகிற சின்னப் பொத்தானைக் கையில் வைத்து அமுக்கிக்கொண்டே நின்றாள். "கரண்ட் வந்ததும் தொடரலாம்" என்றாள். யாரும் காத்திருக்கவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மேலாளர் எஃபெந்தி, நல்ல மனிதர், அவளைத் தேற்றினார்: "விடும்மா. கையெழுத்து வாங்கியாச்சு, போட்டோ எடுத்தாச்சு. நம்ம வேலை முடிஞ்சுது."

மோட்டார் சைக்கிளில் வீடு வந்து சேர்ந்தோம். வாசலில் இறங்கியதும் அவள் தலைக்கவசத்தைக் கழற்றாமலே நின்றாள்.

"என்னங்க, எனக்கு ஒரு வார்த்தைகூட வரலை. எல்லாமே அந்தத் திரையிலதான் இருந்துச்சு. எங்கிட்ட ஒண்ணுமே இல்லை."

"கரண்ட் போனா நீ என்ன பண்ணுவ?"

"சரி, நீங்க கடைசி வரைக்கும் உக்காந்திருந்தீங்களே. நான் என்ன சொன்னேன், சொல்லுங்க."

யோசித்துப் பார்த்தேன். "ஏதோ வோல்ட்டுன்னு சொன்ன."

"எத்தனை வோல்ட்டு?"

"நெறைய."

தலைக்கவசத்துக்குள்ளேயே சிரித்தாள். சிரிப்பா அழுகையா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

மறுநாள் அலுவலகம் விட்டதும் நேரே கடைக்கு வந்தாள். "உங்க வாடிக்கைக்காரங்க முன்னாடி பேசிப் பாக்கட்டுமா?" என்றாள். நான் வேண்டாம் என்றேன். காப்பிக் கடையில் உட்காருகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் கேட்கிற ரகமில்லை. நடுவில் போய் நின்றாள்.

"மதிப்பிற்குரிய..."

"அக்கா, நிறுத்துங்க, நிறுத்துங்க!" படகோட்டி ஜைலானி குரல் கொடுத்தான். "ஆள் மாறி வந்துட்டீங்க. மதிப்பிற்குரியவன் எவனும் இந்தக் கடைக்கு வர்றதில்லை."

கடையே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டு மேலே பேசினாள். இரண்டு நிமிடம் கேட்டார்கள். பிறகு ஒருவன் டோமினோ அட்டையைக் குலுக்கினான், இன்னொருவன் போனை எடுத்தான். ஜைலானி மட்டும் மரியாதைக்காக அவளைப் பார்த்துக்கொண்டே கொட்டாவி விட்டான்.

அந்த நேரம் பக்கத்துக் கடை அசியோங் உள்ளே வந்தார். ஆவியில் வேகவைத்த கொழுக்கட்டை விற்கிற சீனர். அவர் யாருக்கும் விளக்கம் சொல்ல வரவில்லை, சர்க்கரை இல்லாத காப்பி கேட்க வந்தார்.

"நேத்து கரண்ட் போச்சே, என் ஐஸ் பெட்டியில வெச்சிருந்த பூரணம் அத்தனையும் ஊசிப் போச்சு. பொண்டாட்டி என்னைத் திட்றா. பட்டம் விட்டவன் எவனோ, திட்டு எனக்கு!"

டோமினோ நின்றது. போன் கீழே போயிற்று. "எவ்வளவு பூரணம்?" "அக்கா என்ன சொல்லித் திட்டினாங்க?" "நாத்தம் அடிச்சிச்சா?" என்று ஆளுக்கு ஒன்று கேட்டார்கள். அசியோங்கும் மனைவி திட்டிய திட்டைக் கையை ஆட்டி நடித்துக் காட்டினார்.

ரொஹானி அப்படியே நின்று அவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் மீன் சுத்தம் செய்துகொண்டே சொன்னாள்: "அசியோங் அண்ணன் காப்பி குடிக்க வந்தவர். எல்லாரும் அவர் பக்கம் திரும்பிட்டாங்க. நான் அத்தனை விளக்கம் சொன்னேன், ஒருத்தர் திரும்பலை."

அதற்குப் பிறகு அவள் கூட்டம் போடுவதை நிறுத்திவிட்டுச் சந்து சந்தாக நடந்தாள். எஃபெந்தி சாரிடம் களப்பணி என்று சொல்லிக்கொண்டாள். வீட்டுக்கு வீடு போய்க் கேட்டது ஒரே கேள்வி: கடைசியா கரண்ட் போனப்ப உங்க வீட்டுல என்ன நடந்துச்சு?

வந்து கொட்டுவாள், எனக்குக் கேட்கக் கேட்க அலுக்காது. சலவைக்காரப் பெண் ஒருத்திக்குப் பள்ளிக்கூடச் சீருடை அத்தனையும் சோப்பு நுரையோடு இயந்திரத்துக்குள் மாட்டிக்கொண்டது. மூச்சுத்திணறல் உள்ள குழந்தைக்கு மருந்துப்புகை கொடுக்கும் கருவி நின்றுபோய், தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சாலையில் ஓடியிருக்கிறாள். ஒரு கல்யாணப் பெண்ணுக்கு ஒரு பக்கத் தலைமுடியைச் சுருட்டி முடித்த சமயம் கரண்ட் போயிருக்கிறது. மறுபக்கம் நேர்முடியாகவே மேடை ஏறியிருக்கிறாள். கல்யாணப் படம் எல்லாவற்றிலும் மாப்பிள்ளையை ஒரே பக்கம் நிறுத்தியிருக்கிறார்கள்.

பிறகு இட்ரூஸ் அண்ணன் வீடு. இட்ரூஸ் என்றால் எங்கள் ஆற்றங்கரையில் பட்டத்துக்கு ராஜா. அவர் பட்டத்தை அறுத்தவன் இல்லை, ஏனென்றால் அவர் கட்டுவது கம்பி. அவர் மனைவிதான் ரொஹானியிடம் சொல்லியிருக்கிறாள். தொட்டியில் அவர் ஒரு சிவப்பு அரோவானா மீன் வளர்த்தார். விரல் நீளத்தில் வாங்கி, முழங்கை நீளத்துக்கு வளர்த்த மீன். ஒரு சாயங்காலம் கரண்ட் போய்க் காற்றுக்குழாய் நின்றது. மீன் மிதந்துவிட்டது. மனிதர் அன்று சாப்பிடவில்லையாம்.

ரொஹானி அவரிடமே போய்க் கேட்டாள்: "அண்ணே, இதை நீங்களே கூட்டத்துல சொல்வீங்களா?"

"என்னத்துக்கு? மீன் செத்ததுக்கு அழுதவன்னு ஊர் என்னைக் கேலி பண்ணவா?"

"பண்ண மாட்டாங்கண்ணே."

"நீ இந்த ஊர்லதானே பொறந்த? பண்ணுவாங்க."

அவர் சம்மதிக்கவில்லை. அவர் கதையைத் தானும் சொல்வதில்லை என்று அவள் முடிவு செய்துகொண்டாள்.

இப்போது அவளிடம் கதை அதிகமாகிவிட்டது. கடையில் வந்து எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தாள். எந்தக் கதைக்கு வாடிக்கையாளரின் காப்பி ஆறிப்போகிறதோ அதை வைத்துக்கொள்வாள். குடித்துக்கொண்டே கேட்டால் அந்தக் கதையைத் தள்ளிவிடுவாள். எனக்குத்தான் வேலை. ஆறிய காப்பியை மறுபடி சூடு பண்ணிக் கொடுக்கச் சொல்லி எல்லோரும் என் உயிரை எடுத்தார்கள்.

ஒரு நாள் நானே சொன்னேன்: "நீ கேள்வி கேக்குற, உடனே நீயே பதிலும் சொல்லிடுற. எங்களுக்கு அங்க என்ன வேலை?"

"யாரும் பேசலைன்னா பயமா இருக்குங்க."

"பயமா இருந்தா இருக்கட்டும். வாயை மூடிக்கிட்டு நில்லு."

இதை ஒரு கணவன் சொல்லித் தப்பிப்பது அபூர்வம். அவள் முறைத்தாள், ஆனால் பழகினாள். கேள்வி கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள். முதலில் ஜைலானி கேலியாக ஏதாவது சொல்வான். அவள் அசையாமல் நின்றால், கொஞ்ச நேரத்தில் யாராவது நிஜமாகவே பதில் சொல்வார்கள்.

கடைசியில் சொன்னாள்: "அவங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. கம்பியை விட்டுட்டு நூல் கட்டணும். அதுக்கு உதவாத எதையும் நான் சொல்லப் போறதில்லை."

"அப்ப வோல்ட்டு?"

"வோல்ட்டு போயாச்சு."

பட்டம் விடுகிற ஆற்றங்கரை மைதானத்திலேயே கூட்டம் போட எஃபெந்தி சாரை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அவர் கடைக்குக் காப்பி குடிக்க வந்தபோது என் எதிரிலேயே அந்தப் பேச்சு நடந்தது.

"மைதானத்துல புரொஜெக்டரை எங்கம்மா வைக்கிறது?"

"வேண்டாம் சார்."

"திரை இல்லாம என்ன விளக்கக் கூட்டம்? மேலிடத்துக்கு என்னத்தைப் போட்டோ எடுத்து அனுப்பறது?"

"ஜனங்களை எடுங்க சார்."

அவர் அதை மென்று பார்த்தார். "பலகாரப் பெட்டி?"

"அது வேணும். ஆனா முதல்லயே குடுத்துடலாம். வாங்கிட்டுப் போறவங்க போகட்டும். பெட்டிக்காக உக்காந்திருக்கறவங்க எனக்கு வேண்டாம்."

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் மைதானத்துக்கு வரும் நேரம் கூட்டம். நல்ல காற்று. வானத்தில் ஏற்கெனவே பட்டங்கள் ஏறியிருந்தன. பட்டத்தை இறக்கச் சொல்லி அவள் யாரையும் கேட்கவில்லை. நாற்காலியும் போடவில்லை. அவர்கள் நிற்கிற இடத்துக்கே போய், முதுகு காட்டாமல், பேட்டரி மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டாள். பெட்டியை வாங்கிக்கொண்டு நழுவியவர்கள் சிலர்தான். மற்றவர்கள் கையில் நூல் இருந்தது, எங்கே போவார்கள்?

"போன மாசம் நம்ம பேட்டையில ஒரு கல்யாணம். பொண்ணுக்குத் தலை சீவிக்கிட்டிருக்காங்க..." என்று எடுத்த எடுப்பில் ஆரம்பித்தாள். ஒரு மதிப்பிற்குரியவர்கூட இல்லை. நேர்முடிப் பக்கம் மாப்பிள்ளை நின்ற இடம் வந்தபோது மைதானம் கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்கியதும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு சாலையில் ஓடிய தாயைச் சொன்னாள். குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. குழந்தை நலமாக இருக்கிறது என்பதையும் சொன்னாள். சொல்லும்போது அந்தத் தாய் கூட்டத்தின் ஓரத்தில் குழந்தையோடு நின்றிருந்தாள். சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு கேட்டாள்: "உங்க வீட்டுல என்ன போச்சு?"

யாரும் பேசவில்லை. பட்டங்கள் காற்றில் படபடக்கிற சத்தம் மட்டும். ஜைலானிகூட அன்று கேலி செய்யவில்லை. ஏதாவது பேசு ரொஹானி, பேசு என்று மனசுக்குள் கெஞ்சினேன். வாயை மூடிக்கொண்டு நில் என்று சொன்னவனே நான்தான். அவள் நின்றாள். முகத்தில் பயம் இருந்தது, எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது.

"என் மீன் செத்துச்சு."

இட்ரூஸ் அண்ணன். பட்டத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"குழம்பு வெச்சியா அண்ணே?" என்று ஒருவன் கத்தினான். சிரித்தார்கள். ரொஹானி சிரிக்கவில்லை, அவனை அதட்டவும் இல்லை. மைக்கை இட்ரூஸ் அண்ணன் வாய்க்கருகே கொண்டுபோய் நீட்டினாள், அவ்வளவுதான்.

"என் நிழல் தொட்டி மேல விழுந்தா மேல வரும்" என்றார் அவர். "பொண்டாட்டி நிழலுக்கு வராது. எனக்குத்தான் வரும். அன்னிக்குக் கரண்ட் போச்சு. காத்துக்குழாய் நின்னு போச்சு. நான் வீட்டுல இல்லை."

"எங்க இருந்தீங்கண்ணே?"

"இங்கதான். இதே இடத்துல. கம்பியோட." கையிலிருந்த கம்பியைப் பார்த்தார். "அன்னிக்கு விழுந்தது யார் கம்பின்னு எனக்குத் தெரியாது. என்னோடதா இருந்தாலும் இருக்கும்."

கேலி செய்தவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மேடைப் பேச்சாளர் யாராவது இந்த இடத்தில் புகுந்து அறிவுரையை வாரி இறைத்திருப்பார்கள். ரொஹானி பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. கையில் ஒரு துண்டுக் கம்பியும் ஒரு துண்டு நூலும் எடுத்துக் காட்டி, நிஜமாகவே தெரியாதவள் போல ஒரு கேள்வி கேட்டாள்: "ஏன் கம்பி?"

"நூல் கட்டினா அறுத்துடறானுங்கக்கா" என்றான் ஒரு இளைஞன்.

"யாரு?"

"கம்பி கட்டினவனுங்க."

"எல்லாரும் நூல் கட்டினா?"

"அப்ப சரி. ஆனா இட்ரூஸ் அண்ணன் கட்ட மாட்டார். நூல்ல விட்டா அவர் வண்டவாளம் தெரிஞ்சிடும்ல!"

"டேய், யாரைப் பாத்துச் சொன்ன?" இட்ரூஸ் அண்ணனின் ராஜ களை திரும்பிவிட்டது. "நீ பொறக்கறதுக்கு முன்னாடி நூல்ல விட்டவன்டா நான். கொண்டா நூலை!"

கம்பிப் பட்டத்தை இறக்கினார். எவனோ நூல் கண்டு ஒன்றை நீட்டினான். அவர் ஏற்ற, அந்த இளைஞனும் நூலில் ஏற்ற, மைதானம் முழுக்க அண்ணாந்து பார்த்தது. எஃபெந்தி சார் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பட்டங்கள் சுற்றின, இடித்தன, விலகின. கடைசியில் அறுந்தது இட்ரூஸ் அண்ணனுடையது. அவர் அறுந்து போகிற பட்டத்தையே பார்த்துவிட்டு, "இன்னொண்ணு கொண்டா. இன்னும் கை பழகலை" என்றார். அப்படி ஒரு கைதட்டலை அந்த மைதானம் கேட்டதில்லை.

ஞாயிறு தோறும் நூல் போட்டி என்பது அங்கேயே, அவர்கள் வாயிலேயே பிறந்தது. விதி போட்டவர்கள் அவர்கள். கம்பி கட்டினவன் ஆட்டத்தில் இல்லை என்றார்கள். மின்கம்பங்களுக்கு எட்டாத ஒரு பெரிய திடலில் வைத்துக்கொள்ளலாமா என்று மட்டும் ரொஹானி கேட்டாள். கூட்டம் கலையும்போது ஜைலானி, "கண்ணாடித்தூள் மாஞ்சாவைப் பத்தி ஒண்ணும் சொல்லலையேக்கா" என்றான். "அதுக்கு வேற ஒரு நாள் வருவேன்" என்றாள்.

கம்பி அடியோடு ஒழிந்துவிட்டதாகச் சொன்னால் அது பொய். எப்போதாவது எவனாவது கட்டுகிறான். ஆனால் கட்டினவனை மின்வாரியம் தேட வேண்டியதில்லை, இட்ரூஸ் அண்ணனே வீடு தேடிப் போய்விடுகிறார். எங்கள் பேட்டையில் சாயங்காலக் கரண்ட் வெட்டு வெகுவாகக் குறைந்துவிட்டது. அசியோங் இப்போது பூரணத்தை நிம்மதியாக ஐஸ் பெட்டியில் வைக்கிறார்.

மற்ற பேட்டைகளுக்கும் அவளை அனுப்பினார்கள். கல்யாணப் பெண் கதையை அங்கெல்லாம் சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவள் செய்யவில்லை. ஒவ்வொரு பேட்டைக்கும் முன்கூட்டியே போய், அங்கே என்ன போயிற்று என்று வீடு வீடாகக் கேட்டுவிட்டுத்தான் பேசினாள். "இன்னொருத்தர் வீட்டுக் கதைக்கு இவங்க ஏன் காப்பியை ஆறவிடணும்?" என்பாள். ஒரு பேட்டையில் சரியாகப் போகவில்லை. மழை வந்து கலைத்துவிட்டது. மறுவாரம் அதே இடத்துக்குத் திரும்பப் போனாள்.

போன வருஷம் சிங்காவாங் நகரத்தில் மாகாணம் முழுவதற்குமான மின்வாரியக் கூட்டம், துணைக்கு நானும் போனேன். குளிர்சாதன மண்டபம், பூச்செண்டு, டை கட்டிய அதிகாரிகள். மக்களிடம் எப்படிப் பேசுவது என்று ரொஹானி அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அரைமணி நேரம் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு முன்னால் பேசியவர்கள் மதிப்பிற்குரியவர்களை எண்ணி முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. நிகழ்ச்சி நடத்தியவர் அவள் காதில் ஏதோ சொல்வதைக் கடைசி வரிசையிலிருந்து பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் முடிக்கச் சொன்னாராம். அவள் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள். எதையெல்லாம் விடுவது என்று உள்ளே வெட்டிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

எழுந்து போய், மேடையின் விளிம்புவரை வந்து, முதல் வரிசையைப் பார்த்துக் கேட்டாள்: "இன்னிக்குக் காலையில இருந்து இங்க பேசினதுல, உங்களுக்கு ஞாபகம் இருக்கறது என்ன?"

பிறகு வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

அந்த மண்டபம் நெளிந்ததைப் பார்க்க வேண்டுமே! ஒரு பெரிய அதிகாரி பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார், அவர் மேல்கூரையைப் பார்த்தார். கடைசியில் அந்தப் பெரிய அதிகாரியே சிரித்து, "ஒண்ணுமில்லம்மா" என்றார். மண்டபம் வெடித்துச் சிரித்தது. அதற்குப் பிறகு அவள் சொன்னது இட்ரூஸ் அண்ணன் மீனை மட்டும். அவரிடம் முன்கூட்டியே கேட்டு, பெயரோடு சொல்லலாம் என்று சம்மதம் வாங்கியிருந்தாள். ஐந்து நிமிடம் என்று சொன்னவர் கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டார். சாப்பாட்டுக்கு எழுந்தவர் ஒருவரும் இல்லை.

கைதட்டல் ஓயாமல் இருக்கும்போது எனக்குப் பக்கத்தில் இருந்த டை கட்டியவர் என் பக்கம் சாய்ந்தார்.

"இந்தம்மா எந்த ஊரு சார்? தலைநகர்ல படிச்சவங்களோ?"

"பொந்தியானாக்" என்றேன். "காப்பிக் கடையில படிச்சவங்க."

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"என் வீட்டுக்காரி சார்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சட்டையை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்குள் ரொஹானி ஆட்களை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டாள், கன்னமெல்லாம் சிவந்து.

"எப்படி இருந்துச்சுங்க?"

சொல்ல எனக்கு நிறைய இருந்தது. ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நல்லா இருந்துச்சு" என்றேன்.

"அவ்வளவுதானா?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்துச் சாப்பாட்டு மேஜைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.